வார்டுக்கு ஒரு கணக்குப் புத்தகம்

சென்னையில் கோபாலபுரம் இருக்கும் வார்டில் சென்ற நிதியாண்டில் பொதுப் பணம் எவ்வளவு செலவானது? கேள்வி எளிதானது. ஆனால் இதற்கான விடை எந்த அலுவலகத்திலும் ஒரே தாளில் கிடைப்பதில்லை. தெருவிளக்கும் குப்பையும் மாநகராட்சியின் பொறுப்பு. குழாயில் வரும் தண்ணீரும் தெருவுக்கு அடியில் ஓடும் கழிவுநீரும் 1978-ல் அமைந்த குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. மின்சாரம் கொண்டுவரும் கம்பிகள் மின்வாரியத்தைச் சேர்ந்தவை. பக்கத்தில் கதீட்ரல் சாலையில் 2010-ல் திறக்கப்பட்ட செம்மொழிப் பூங்கா தோட்டக்கலைத் துறையிடம் இருக்கிறது. இராயப்பேட்டை அரசு மருத்துவமனை மாநில சுகாதாரத் துறையிடம் இருக்கிறது. ராதாகிருஷ்ணன் சாலைப் பக்கம் பூமிக்கு அடியில் பாதை போடுவது மெட்ரோ ரயில் நிறுவனம். கூட்டுக் குடும்பத்தில் ஆளாளுக்குச் செலவு செய்துகொண்டு, வீட்டுக் கணக்கை மட்டும் யாரும் எழுதாமல் விட்டதைப் போன்ற நிலை இது. சென்னையில் உள்ளாட்சியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நிதி போதவில்லை, அதிகாரம் போதவில்லை என்ற இரண்டு குறைகளைச் சொல்கிறோம். இரண்டும் உண்மையே. ஆனால் அவற்றுக்கு முன்னால் தீர்க்க வேண்டிய குறை ஒன்று உண்டு. ஒரு வார்டுக்கு என்ன வந்தது, என்ன போனது என்ற கணக்கு அந்த வார்டு மக்கள் முன் வாசிக்கப்படாதவரை, எத்தனை குழுக்கள் அமைத்தாலும் அவை மனு வாங்கும் மேசைகளாகவே இருக்கும்.

குழுக்களுக்கு இங்கே பஞ்சமில்லை. பெருநகர சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள், 15 மண்டலங்கள். கோபாலபுரம் தேனாம்பேட்டை மண்டலத்தில் வருகிறது. 109 முதல் 126 வரையிலான 18 வார்டுகள் கொண்ட இந்த மண்டலம் தனியாக நின்றால் ஒரு நடுத்தர மாநகராட்சிக்குச் சமமாக இருக்கும். மண்டலத்துக்கு ஒரு குழு. மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் கணக்கு, கல்வி, சுகாதாரம், வரிவிதிப்பு, நகரமைப்பு, பணிகள் என்று நிலைக்குழுக்கள். 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்றது. ஆனால் ‘ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட வார்டுகளுக்கு’ ஒரு குழு போதும் என்று ஒரு சந்து வைத்தது. அந்தச் சந்து வழியே, பல வார்டுகளைச் சேர்த்த மண்டலக் குழுவையே வார்டு குழு என்று காட்டிக் காலம் ஓடியது. 2022-ல்தான் தமிழக அரசு வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் தனி விதிகளை வெளியிட்டது. கவுன்சிலர் தலைமையில் வார்டு குழு. வார்டைப் பிரித்துப் பகுதி சபைகள். அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று, அன்றைய முதல்வர் மு.க. ஸ்டாலின் தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் பகுதி சபைக் கூட்டத்தில் உட்கார்ந்தார். தாமதமான, ஆனால் நல்ல தொடக்கம். அந்தக் கூட்டங்களில் மக்கள் எதைப் பேசலாம் என்பதில் யாரும் தடை போடவில்லை. எதை வைத்துக்கொண்டு பேசுவது என்பதுதான் கேள்வி. கையில் தாள் இல்லாதவர் குறையைச் சொல்லலாம். கேள்வி கேட்க முடியாது.

பணத்தின் அளவைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஒவ்வொரு பட்ஜெட்டிலும் கைதட்டல் வாங்கும் அறிவிப்பு, கவுன்சிலர்களின் வார்டு மேம்பாட்டு நிதி உயர்வு. 2025-26 பட்ஜெட்டில் அது 50 லட்சத்திலிருந்து 60 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. 200 வார்டுகளுக்கும் சேர்த்து 120 கோடி. அதே ஆண்டு மாநகராட்சியின் வருவாய்க் கணக்கு மட்டும் 5,000 கோடியைத் தாண்டியது. அதாவது, மாநகராட்சி செலவிடும் ஒரு ரூபாயில் வார்டு நிதியாகக் கவுன்சிலர் பரிந்துரைக்குள் வருவது இரண்டரைக் காசுகூட இல்லை. இன்னொரு விதமாகவும் கணக்கிடலாம். 2011 மக்கள்தொகையை வைத்துப் பார்த்தால் சராசரியாக ஒரு வார்டில் 33,000 பேர். 60 லட்சத்தை அவர்களுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஆண்டுக்கு 180 ரூபாய், மாதத்துக்கு 15 ரூபாய்: ஒரு டீ. இந்த டீக்காசைப் பற்றித்தான் வார்டில் விவாதம் நடக்கிறது. எந்தத் தெருவுக்குப் பெயர்ப்பலகை, எந்தப் பூங்காவுக்குப் பெஞ்சு என்று. மிச்சமுள்ள தொண்ணூற்றேழரைக் காசு, சாலை, வடிகால், குப்பை, பள்ளி, கடன் வட்டி என்று துறைத் தலைப்புகளில் போய்விடுகிறது. அந்தச் செலவும் ஏதோ ஒரு தெருவில்தான் நடக்கிறது. ஆனால் தெருவின் பெயரால் அது எழுதப்படுவதில்லை. 33,000 பேர் உள்ள ஒரு பேரூராட்சிக்குத் தனித் தலைவர், தனி அலுவலகம், தனி பட்ஜெட் உண்டு. அதே அளவு மக்கள் வாழும் சென்னை வார்டுக்கு ஒரு கவுன்சிலர் உண்டு, கணக்கு இல்லை.

உள்ளூர் மன்றம் ஒன்று செலவைத் தானே கணக்கிட்டுத் தீர்மானித்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. கோபாலபுரத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. 1920-ல், பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தரத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகக் கூடாது என்பது நிபந்தனை. சில ஆண்டுகளிலேயே, தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவைச் செய்ய மேலே இருந்த அரசு ஒப்பவில்லை, திட்டம் நின்றது. ஆனால் விதை சாகவில்லை. காமராசர் காலத்து மதிய உணவாக, 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவாக, 2022-ல் காலை உணவாக அது மாநிலம் முழுதும் முளைத்தது. இன்று தமிழ்நாடு பெருமையோடு காட்டும் ஒரு திட்டத்தின் முதல் வரி ஒரு மாநகராட்சித் தீர்மானத்தில் எழுதப்பட்டது. அந்தத் தீர்மானத்தில் கவனிக்க வேண்டியது அதன் கருணை மட்டுமில்லை, அதன் துல்லியமும்கூட. எந்தப் பள்ளி, எத்தனை பிள்ளைகள், தலைக்கு எவ்வளவு என்று யாரும் சரிபார்க்கக்கூடிய கணக்காக அது இருந்தது. பலன் கண்டதால் மற்றப் பள்ளிகளுக்கும் நீட்ட முடிந்தது.

இதற்கு நேர் எதிரான பாடமும் இதே மன்றத்தில் இருக்கிறது. 1973-ல் ‘மஸ்டர் ரோல் ஊழல்’ வெடித்தது. தினக்கூலிப் பணியாளர்களின் வருகைப் பதிவேட்டில், வேலைக்கு வராதவர்கள் பெயரில் கூலி எழுதிப் பணம் எடுத்ததாகக் குற்றச்சாட்டு. மாநில அரசு மன்றத்தைக் கலைத்தது. நோய்க்கு மருந்தாகத் தேர்தலையே நிறுத்தினார்கள். அடுத்த 23 ஆண்டுகள், 1996 வரை, சென்னைக்கு மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை, தனி அலுவலர்கள்தான். ஒரு தலைமுறையே தன் வார்டுக்கு உறுப்பினர் என்று ஒருவர் இருக்க முடியும் என்பதை அறியாமல் வளர்ந்து வாக்காளராகியது. அந்த ஊழல் எப்படி நடக்க முடிந்தது என்று யோசித்தால் விடை எளிது. இந்தத் தெருவைப் பெருக்க இன்னின்னாருக்குக் கூலி கொடுத்தோம் என்ற பட்டியலை அந்தத் தெருக்காரர்கள் பார்த்ததில்லை. பார்த்திருந்தால், ‘இந்தப் பெயரில் இங்கே யாரும் பெருக்கவில்லையே’ என்று சொல்ல ஒரு நாள் போதும். மன்றத்தைக் கலைத்தவர்கள், பதிவேட்டைத் திறக்கவில்லை.

அதே பதிவேட்டை வேறொரு ஊரில் திறந்து காட்டினார்கள். 1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட்கிரானா என்ற ஊரில், மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு பஞ்சாயத்துப் பணிகளின் மஸ்டர் ரோலை மக்கள் நடுவே உரக்க வாசித்தது. பெயர் பெயராக வாசிக்கப்பட, உண்மையா பொய்யா என்பதைக் கூடியிருந்தவர்களே சொன்னார்கள். அங்கிருந்து புறப்பட்ட கோரிக்கைதான் 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாக வந்து நின்றது. அதே 2005-ல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம் கிராம சபையின் சமூகத் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. சென்னையிலும் ராஜஸ்தானிலும் நோய் ஒன்றே, மருந்து வேறு. ஓரிடத்தில் பொய்ப் பட்டியலுக்காக மன்றத்தைத் தண்டித்தார்கள். இன்னோரிடத்தில் பட்டியலை மக்களிடம் கொடுத்தார்கள். எது வேர் பிடித்தது என்பது கண்கூடு. தமிழ்நாட்டில் கிராம சபை கூட நாள் குறித்திருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வரவு செலவு அங்கே வாசிக்கப்பட வேண்டும் என்பது நடைமுறை. எல்லா ஊரிலும் அது ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல முடியாது. ஆனால் வாசிக்கவில்லை என்று எழுந்து கேட்க ஊராட்சிவாசிக்கு ஓர் இடமும் ஒரு தேதியும் இருக்கின்றன. கோபாலபுரத்தில் சொத்து வரி கட்டுபவருக்கு, வார்டுக் கணக்கு வாசிக்கப்படும் அப்படியொரு தேதி இல்லை.

மன்றமே இல்லாத காலத்தின் விளைவு வேறு. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு தேர்தல் வழக்கில் சிக்கி, 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. ஆக, 1973 முதல் 2022 வரையிலான 49 ஆண்டுகளில் சுமார் 28 ஆண்டுகள் சென்னையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை. நாட்டின் மிகப் பழைய மாநகராட்சி, 1688-ல் தொடங்கியது, அந்த 49 ஆண்டுகளில் பாதிக்கு மேற்பட்ட காலத்தை மக்கள் பிரதிநிதி இல்லாமல் கழித்திருக்கிறது. அந்தக் கடைசி ஐந்தாண்டு இடைவெளியில் எடுத்த முடிவுகள் இன்றும் தெருவில் ஓடுகின்றன. தியாகராய நகரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. அதைக் கட்டியது ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்காக அமைத்த ஒரு கம்பெனி. தியாகராயர் பெயரைத் தாங்கிய சாலையை, தியாகராயர் தலைமை தாங்கிய மன்றம் இல்லாத நேரத்தில் மாற்றி அமைத்தார்கள். நடைபாதை அழகாகவே இருக்கிறது, அதில் குறையில்லை. ஆனால் எதற்கு எவ்வளவு, எதை விட்டு எதைச் செய்வது என்று கேட்க ஓர் ஆள்கூட இல்லை என்பதுதான் குறை. 2020 அக்டோபரில் தேனாம்பேட்டை, கோடம்பாக்கம், அடையாறு மண்டலங்களில் குப்பை அகற்றும் பணி உர்பேசர் சுமீத் நிறுவனத்துக்கு எட்டு ஆண்டு ஒப்பந்தத்தில் போனது. ஒரு மன்றத்தின் ஆயுளைவிட நீண்ட ஒப்பந்தம், மன்றம் இல்லாத வேளையில் தொடங்கியது. செயல்திறனை அளந்து பணம் தரும் முறை என்றார்கள். நல்ல முறைதான். ஆனால் கோபாலபுரத்தில் ஒரு நாள் வண்டி வராததற்கு எவ்வளவு பிடித்தம் செய்தார்கள் என்பது, வண்டிக்காகக் காத்திருந்தவருக்குத் தெரியாது.

மன்றம் வந்த பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. 2024 அக்டோபர் இறுதியில், 9 செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, விளையாடுபவரிடம் மணிக்கு 120 ரூபாய் வாங்க வழி செய்யும் தீர்மானம் மாமன்றத்தில் நிறைவேறியது. செய்தி பரவி எதிர்ப்புக் கிளம்ப, ஓரிரு நாளில் கைவிடப்பட்டது. திடலில் பந்து உதைக்கும் பிள்ளைகளின் பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டிருந்தால், மாமன்றத்துக்கு அந்தத் தலைகுனிவு நேர்ந்திருக்காது. 2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாருக்குப் போவதை எதிர்த்து, பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தும்வரை அந்தக் கேள்வி வாசலிலேயே இருந்தது. தனியாரா, மாநகராட்சியா என்ற வாதத்தில் இரு தரப்புக்கும் காரணங்கள் உண்டு. ஆனால் ஒரு தெருவைப் பெருக்க நேரடியாக ஆள் வைத்தால் எவ்வளவு, ஒப்பந்தத்தில் விட்டால் எவ்வளவு, அதில் பணியாளரின் கைக்குப் போவது எவ்வளவு என்ற மூன்று எண்கள் வார்டு வாரியாக மக்கள் முன் இருந்திருந்தால், அந்த வாதம் முழக்கங்களில் நின்றிருக்காது. இரண்டு நிகழ்ச்சிகளிலும் முடிவு முதலில் வந்தது, விவாதம் பிறகு வந்தது. வரிசை தலைகீழாக இருக்கிறது.

இதை நேராக்கப் புதிய சட்டமோ பெரிய செலவோ தேவையில்லை. வார்டுக்கு ஒரு கணக்குப் புத்தகம் போதும். அதில் வரவுப் பக்கம்: அந்த வார்டில் வசூலான சொத்து வரி, தொழில் வரி, உரிமக் கட்டணங்கள், சாலை வெட்டுக் கட்டணம். செலவுப் பக்கம்: சாலை, வடிகால், விளக்கு, குப்பை, பூங்கா, மாநகராட்சிப் பள்ளி, நலவாழ்வு மையம், அம்மா உணவகம். ஒவ்வொரு பணிக்கும் ஒப்பந்ததாரர் யார், டெண்டர் தொகை எவ்வளவு, முடிந்த தேதி எது, உத்தரவாதக் காலம் எதுவரை என்ற நான்கு விவரங்கள். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போட்டார்களா, மேலேயே பூசிவிட்டுப் போனார்களா என்பதைப் பொறியாளரைவிட வீட்டு வாசல் உயரம் குறைவதைப் பார்க்கும் வீட்டுக்காரர் நன்றாகச் சொல்வார். குடிநீர் வாரியமும் மின்வாரியமும் மெட்ரோவும் அந்த வார்டில் செய்யும் பணிகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கலாம். அவர்களுக்கு மாமன்றம் உத்தரவிட முடியாது, ஆனால் சாலையை வெட்ட அனுமதி கேட்டு வரும்போது விவரம் கேட்க முடியும். அம்மா உணவகம் போன்ற திட்டங்களுக்கு இந்தப் பக்கம் இன்னும் முக்கியம். 2013 முதல் ஒரு ரூபாய்க்கு இட்லி தரும் அந்தத் திட்டத்தின் பளுவைச் சுமப்பது மாநகராட்சியின் பெட்டி. அந்த இட்லிக்கு வார்டு எவ்வளவு தருகிறது, எத்தனை பேர் பசியாறுகிறார்கள் என்று இரண்டு எண்கள் அருகருகே இருந்தால், திட்டத்தைக் காப்பாற்ற நினைப்பவர்களுக்கும் அதுவே ஆயுதம். இந்தப் புத்தகம் ஜனவரியில் பகுதி சபைகளில் வாசிக்கப்பட வேண்டும். மார்ச்சில் பட்ஜெட் வருமுன் சபையின் கேள்விகளும் கவுன்சிலரின் பதில்களும் மண்டலக் குழுவில் பதிவாக வேண்டும். புணே மாநகராட்சி 2006-லிருந்தே, பட்ஜெட்டுக்கு முன் குடிமக்களிடமிருந்து சிறு பணிகளுக்கான யோசனைகளை வாங்கி வருகிறது. சென்னை அதிலும் ஒரு படி மேலே போகலாம். யோசனை கேட்பதற்கு முன் கணக்கைக் கொடுக்கலாம்.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளில் கனமானது ஒன்று. வார்டு வாரியாக வரவைக் காட்டினால், வசதியான வார்டுகள் ‘எங்கள் வரி எங்களுக்கே’ என்று கிளம்பாதா? தேனாம்பேட்டை மண்டலம் சொத்து வரி வசூலில் முன்னணியில் நிற்பது. மணலியும் திருவொற்றியூரும் அப்படியில்லை. 2011-ல் 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என்று 42 உள்ளாட்சிகளைச் சேர்த்து 174 சதுர கிலோமீட்டர் நகரம் 426 ஆனது; சேர்ந்த பகுதிகளுக்கு வடிகாலும் கழிவுநீர்க் குழாயும் போட, பழைய நகரத்தின் வரி உதவித்தான் ஆக வேண்டும். இந்த அச்சத்தை லேசாக ஒதுக்கிவிட முடியாது. ஆனால் கணக்கை மூடி வைத்தால் அந்தப் பேச்சு நின்றுவிடுவதில்லை; முணுமுணுப்பாக ஓடுகிறது, அரை உண்மைகளோடு. திறந்த கணக்கு இன்னொன்றையும் காட்டும். நபர் ஒருவருக்கு எந்த வார்டில் எவ்வளவு செலவாகிறது என்பது தெரிந்தால், அதிகம் வரி தந்த வார்டின் புலம்பலைவிடக் குறைவாகப் பெற்ற வார்டின் உரிமைக்குரல் ஓங்கும். ஒரே வார்டுக்குள்ளும் இதுவே உண்மை. கோபாலபுரம் சுற்றுவட்டாரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பும் நெருக்கமான குடிசைப் பகுதியும் ஒரு சுவர் தள்ளி இருக்கின்றன. எந்தச் சுவர்ப்பக்கம் தார் போட்டார்கள் என்பது எழுத்தில் வந்தால், கேட்கத் தயங்கியவர்களுக்கும் கேட்க வாய் வரும். பங்கிட்டுக் கொடுப்பது நியாயம் என்றால், அந்த நியாயம் பகல் வெளிச்சத்தைத் தாங்கும்.

இரண்டாவது மறுப்பு: நகரத்தில் யார் வருவார்கள்? 2022 உள்ளாட்சித் தேர்தலில் சென்னையின் வாக்குப்பதிவு பாதியைக்கூடத் தொடவில்லை, ஏறத்தாழ 44 விழுக்காடுதான். வாக்குப் போடவே வராதவர்கள் கூட்டத்துக்கா வருவார்கள், வந்தாலும் ஓய்வுபெற்றவர்களும் நலச்சங்க நிர்வாகிகளும்தான் வருவார்கள், அதிலும் பகுதி சபைப் பிரதிநிதிகளை மன்றமே நியமிப்பதால் கட்சிக்காரர்களே உட்காருவார்கள் என்கிறார்கள். நியமன முறை மாற வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடே வேண்டாம். சபையைச் சபையினரே தேர்ந்தெடுப்பதுதான் முறை. ஆனால் வருகை குறைவு என்பதைச் சோம்பலாக மட்டும் பார்க்கக் கூடாது. போய் என்ன ஆகப்போகிறது என்று அனுபவத்தில் கண்டுகொண்டவர்களின் விவேகமும் அதில் இருக்கிறது. குறை சொல்லிவிட்டு வரும் கூட்டத்துக்கு ஒருவர் இரண்டாம் முறை போவதில்லை. 2022 ஏப்ரலில், 24 ஆண்டுகளுக்குப் பிறகு, சென்னையில் சொத்து வரி பொதுச் சீராய்வு செய்யப்பட்டுப் பல வீடுகளுக்கு இரு மடங்காகவும் அதற்கு மேலும் உயர்ந்தது. அந்த உயர்வைப் பற்றிப் பேசாத வீடு அன்று இல்லை. அந்தப் பேச்சுக்கு ஒரு சபையும், கையில் ஒரு கணக்கும் இருந்திருந்தால் நாற்காலி போதாமல் போயிருக்கும். கூட்டம் சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை. கணக்கு வாசிக்கப்படும் என்ற அறிவே எழுதுபவரின் பேனாவை நேராக்கும். பத்துப் பேர் கேட்டாலும் பொய்ப் பெயரைக் கண்டுபிடிக்கலாம்.

மூன்றாவதாகப் பொறியாளர்கள் சொல்வது: வெள்ள நீர் வார்டு எல்லை பார்த்து ஓடுவதில்லை, வடிகாலைக் கூவம், அடையாறு, கொசஸ்தலையாறு, கோவளம் என்று படுகை அளவில்தான் திட்டமிட முடியும், தெருக்காரர்கள் கையில் கொடுத்தால் ஒவ்வொருவரும் தன் வாசலுக்கு ஒரு கால்வாய் கேட்பார்கள். இதில் பாதி உண்மை. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு நகரம் கற்ற பாடமே அதுதான். வடிகாலின் மட்டத்தையும் சரிவையும் சபை தீர்மானிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் மறு பாதியும் உண்டு. 2021 நவம்பர் மழையில் ஸ்மார்ட் சிட்டி பணம் பாய்ந்த தியாகராய நகரிலேயே தண்ணீர் நின்றது. மாம்பலம் கால்வாய் பக்கம் பேச்சு திரும்பியது. அந்தக் கால்வாயில் என்ன கொட்டப்பட்டது, எங்கே அடைத்தது என்பது கரையில் குடியிருப்பவருக்கு மழைக்கு முன்பே தெரிந்திருக்கும். எழுதி வைக்க ஓர் ஏடு இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம், தானே நீர் உறிஞ்சும் மணல் தரையில் கான்கிரீட் வடிகால் எதற்கு என்று குடியிருப்போர் கேட்டார்கள். அந்தக் கேள்வி பசுமைத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்தது. வார்டில் கேட்டு முடித்திருக்க வேண்டிய கேள்வி அது. வடிவமைப்பு நிபுணர் கையில் இருக்கட்டும். வண்டல் தொட்டியைக் கடைசியாக எப்போது தூர் வாரினீர்கள், அதற்கு எவ்வளவு பில் போட்டீர்கள் என்பது தெருவின் கையில் இருக்கட்டும்.

மாநகராட்சிக்கு 1913 என்ற புகார் தொலைபேசி எண்ணும் செயலியும் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பது இன்னொரு வாதம். புகார் எண் நல்ல ஏற்பாடு. எரியாத விளக்கை அது எரிய வைக்கும். ஆனால் புகார் தனியாள் செய்வது, கணக்கு ஊர் கேட்பது. புகார் காரியம் கெட்ட பிறகு வருவது, கணக்கு அடுத்த காரியத்துக்கு முன் வருவது. ஒரே குழிக்காக ஒரே தெருவிலிருந்து இருபது புகார் போய் இருபதும் தீர்க்கப்பட்டதாக மூடப்படலாம். அந்தக் குழி ஏன் ஆண்டுதோறும் விழுகிறது என்று அந்த எண் கேட்காது. கடைசியாக, மாநில அரசு நிதியையும் அதிகாரத்தையும் இறக்கிக் கொடுக்காதவரை இதெல்லாம் வீண் என்பவர்கள் கேரளத்தைக் காட்டுவார்கள். 1996-ல் அங்கே மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்க முன்வந்தார்கள். அந்தத் துணிச்சல் இங்கேயும் வேண்டும், ஐயமில்லை. ஆனால் அதிகாரம் கேட்கும் மன்றத்திடம் மேலே இருப்பவர்கள் எப்போதும் சொல்லும் பதில் 1973-தான்: உங்களை நம்பிக் கொடுத்தோம், என்ன ஆனது பார்த்தீர்களா? அந்தப் பதிலை முறியடிக்க ஒரே வழி, தெருவில் வாசித்து முடித்த கணக்கோடு போய் நிற்பது. கணக்குக் காட்டுபவருக்குத்தான் கூடுதலாகக் கேட்க வாயுண்டு.

2022 மார்ச்சில் பதவியேற்ற மாமன்றத்தின் ஐந்தாண்டு 2027-ல் முடிகிறது. தேர்தல் உரிய காலத்தில் நடக்க வேண்டும் என்பது முதல் கோரிக்கை. 28 ஆண்டுகளை இழந்த நகரம் இன்னோர் இடைவெளியைத் தாங்காது. வாக்குக் கேட்டு வருபவர்கள் பூங்கா தருகிறேன், நடைபாதை தருகிறேன், குடம் தருகிறேன் என்பார்கள். கேட்டுக்கொள்ளலாம். ஆனால் ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஒரு பிள்ளையின் சிற்றுண்டிக்கு ஓரணா என்று கணக்குப் போட்ட மன்றத்தின் வாரிசுகளிடம், பக்கத்துத் தெருக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. எங்கள் வார்டின் வரவு செலவை எந்த மாதம், எந்தத் தேதியில், எந்த இடத்தில் வாசிப்பீர்கள்?